பஞ்சர் ஆகாத சைக்கிள்

உத்திரமேரூர் ஏரிக்கரைத் தெருவில் போய் இருசப்பன் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் யோசிப்பார்கள். சைக்கிள்காரர் வீடு என்று கேளுங்கள், வாசலில் விளையாடும் பொடிசுகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிடும். அறுபதை நெருங்கும் மனுஷன். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், ஒரு பெண்டாட்டி, ஒரு பெண், ஒரு சைக்கிள். இந்த நாலில் அவர் முழுசாக நம்பியது கடைசியில் சொன்னதை மட்டும்தான்.

ஆமாம், நம்பிக்கை என்பது அந்த மனுஷன் உடம்பிலேயே கிடையாது. பஸ்ஸில் ஏற மாட்டார். டிரைவர் நேற்று தூங்கினானா இல்லையா, யார் கண்டது? வண்டி வாங்க மாட்டார். ஊற்றுகிற பெட்ரோலில் என்ன கலந்திருக்கிறதோ! ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காருகிறவன் எந்த ஊர்க்காரனோ! "காத்தும் நான் அடிச்சது, மிதிக்கறதும் என் காலு. இதுல என்னை ஏமாத்த எவனுக்கு இடம் கீது?" என்பார். உப்பு சரியாக இருக்கிறது என்று தானே சொல்லிவிட்டு, அதையும் நம்பாமல் இன்னொரு தரம் நக்கிப் பார்க்கிற ஆளோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்திய சிட்டம்மாளுக்குத்தான் கோயில் கட்ட வேண்டும்.

அந்தச் சைக்கிளில் சட்டம் மட்டும்தான் பழசு. செயின், பெடல், சீட்டு, சக்கரம் எல்லாம் தேய்ந்து தேய்ந்து பல தடவை மாறிவிட்டன. பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தானியேல், "இது ஓடின ஓட்டத்துக்கு உலகத்தையே பல சுத்து சுத்தி வந்திருக்கலாம் அண்ணே, நீ இன்னாடான்னா வந்தவாசியத் தாண்டல" என்று கிண்டல் செய்வான். வந்தவாசி, மதுராந்தகம், வாலாஜாபாத், செய்யாறு என்று நாலு பக்கமும் இருசப்பன் மிதிக்காத ரோடு கிடையாது. நிலத்தில் வேலை இல்லாத நாளெல்லாம் மனுஷன் ரோட்டில்தான் இருப்பார்.

எதற்காக இத்தனை மிதி? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று ஊர் சொல்கிறது. அந்த ஆயிரம் பொய்யையும் கிளறிப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமா இல்லையா? பெண்ணைக் கொடுக்குமுன் மாப்பிள்ளை ஊருக்கு யாரையாவது அனுப்பிச் சத்தமில்லாமல் விசாரித்து வரச்சொல்வது நம் பக்கத்து வழக்கம். குடிப்பானா, கடன்காரனா, ஏற்கெனவே எங்காவது தொடுப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். சொந்தக்காரனை அனுப்பினால் முகம் தெரிந்துவிடும். தரகனைக் கேட்டால் எருமையைக்கூட ஐராவதம் என்பான். அதனால் உத்திரமேரூரைச் சுற்றிப் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாம் இருட்டுகிற நேரத்தில் இருசப்பன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அவர் காசு வாங்க மாட்டார். காசு வாங்கினால் நாக்கு கொடுத்தவன் பக்கம் புரண்டுவிடும் என்று தன் நாக்கின்மேலேயே அவருக்குச் சந்தேகம். டயர் தேய்ந்தால் தானியேல் கடையில் ஒரு டயர் மாற்றிக் கொடுத்தால் போதும்.

அவர் வேலை செய்யும் விதமே தனி. ஊர் எல்லைக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, சுற்றும்முற்றும் பார்த்து, வால்வைத் திருகி முன்சக்கரத்துக் காற்றை இறக்கிவிடுவார். அப்புறம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தள்ளிக்கொண்டே ஊருக்குள் நுழைவார். வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற கிழவனை எந்த ஊர் 'யார் நீ' என்று கேட்கும்? "அடப்பாவமே, எங்கேர்ந்து தள்ளிக்கினு வர்றே?" என்றுதான் கேட்கும். பெஞ்சில் இடம் கிடைக்கும், டீ கிடைக்கும், பேச்சு கிடைக்கும். "பஞ்சர் மாதிரி தெரிலயே பெரியவரே, எவனோ காத்தைத்தான் புடுங்கியிருக்கான்" என்று யாராவது சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. "அப்பிடியா? உங்க ஊர்ல அந்த மாதிரி பசங்க யாருனா கீறாங்களா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். ஊரில் உள்ள போக்கிரிகளின் மொத்த ஜாதகமும் தானாக வந்து விழும்.

பேர் கேட்டால் ஒரு ஊரில் ஏகாம்பரம், இன்னொரு ஊரில் மாசிலாமணி. தொழில் கேட்டால் மாட்டுத் தரகு, இல்லாவிட்டால் பாய் வாங்க வந்தவர். கடைசியாக மாப்பிள்ளை வீட்டு வாசல் வழியாக ஒரு நடை நடந்து, அந்த வீட்டு நாயைப் பார்ப்பார். எசமானைக் கண்டதும் வாலை ஆட்டுகிறதா, வாலைச் சுருட்டுகிறதா? "மனுசன் பொய் சொல்லுவான். நாய் சொல்லாது" என்பது அவருடைய முடிந்த முடிவு.

எந்த ஊர், யார் வீட்டு விஷயம் என்று பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடமாட்டார். விசாரித்தது வெளியே தெரிந்தால் சம்பந்திகளுக்குள் வெட்டுக்குத்து ஆகிவிடும் இல்லையா!

இப்படிப்பட்டவர் தன் மகள் கல்பனாவுக்கு வந்த வரனைச் சும்மா விடுவாரா? ராஜகுளம் பாண்டியனின் மகன் தமிழ்வாணன், ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை. ராஜகுளத்துக்கு மூன்று தடவை காற்றை இறக்கிக்கொண்டு போய் வந்தார். குறையே கிடைக்கவில்லை. குறையே இல்லாத மாப்பிள்ளை உண்டா என்று அதற்கும் சந்தேகப்பட்டுப் பத்து நாள் தூங்கவில்லை. அதற்குள் கல்பனாவும் அந்தப் பையனும் போனில் பேசிச் சிரித்து மனசுக்குள் குடித்தனமே வைத்துவிட்டார்கள். ஆவணியில் முகூர்த்தம் என்று இரண்டு வீடும் பேசி முடித்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் தினேஷ்குமார் வந்து சேர்ந்தான். போனைத் தூக்கிக்கொண்டு ஊர் மனிதர்களை வீடியோ பிடித்து நெட்டில் போடுகிற இளைஞன். வாழ்நாள் முழுக்கச் சைக்கிள் ஓட்டிய மனிதர் என்று இருசப்பனைப் பிடிக்க வேண்டுமாம்.

"இத்த எதுக்குப் புடிக்கிற? எவன் அனுப்புனான் உன்னை?" என்று இருசப்பன் முறைத்தார்.

"நைனா, சும்மா வுடு. எல்லாரையுந்தான் புடிக்கிறாரு. மாப்பிள்ளை வூட்டுலயும் பாப்பாங்க, பெருமையா இருக்கும்" என்று கல்பனா கெஞ்சினாள். மகள் கெஞ்சினால் மனுஷன் உருகிவிடுவார், அது ஒன்றுதான் அவரிடம் ஓட்டை.

தானியேல் கடை வாசலில் சைக்கிளோடு நிற்கவைத்துப் படம் பிடித்தான். தானியேல் தான் மாற்றிய டயர்களை மனசில் கூட்டிப் பார்த்து, "அஞ்சு லட்சம் கிலோமீட்டருக்குக் கம்மி இல்ல" என்று அடித்துவிட்டான். தினேஷ்குமார் வாயைப் பிளந்தான். "அப்ப எத்தினி வாட்டி பஞ்சர் ஆகியிருக்கும்!" என்றான்.

இருசப்பனுக்குச் சுருக்கென்றது. என்ன இப்படிக் கேட்டுவிட்டான் இந்தப் பயல்! "பஞ்சரா? எனுக்கா? ஒரு வாட்டி கூட ஆனதில்ல, கேட்டுக்கோ. முள்ளு எங்க கீது, கண்ணாடி எங்க கீதுன்னு என் கண்ணு சக்கரத்துக்கு முன்னாடி போவும். ரோட்ட சந்தேகப்பட்டுக்கினே ஓட்டணும் தம்பி!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். தானியேலும், "நெசம்தான், இந்த வண்டிக்கு நான் டயர்தான் மாத்தியிருக்கேன், பஞ்சர் ஒட்டினதே இல்ல" என்று தலையை ஆட்டினான்.

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வீடியோ வெளியான முதல் நாள் எல்லாம் வாழ்த்துதான். இரண்டாம் நாள் செய்யாறு பக்கத்திலிருந்து ஒருத்தர் எழுதினார்: 'பஞ்சரே ஆனதில்லையா? எங்க ஊருக்கு இவரு பஞ்சராகித்தானே வந்தாரு, எங்க மாமாதான் பம்பு குடுத்தாரு.' அதற்குக் கீழே மதுராந்தகத்துக்காரர்: 'எங்க ஊருக்கும் பஞ்சர்தான். பேரு ஏகாம்பரம்னு சொன்னாரு.' அதற்குக் கீழே: 'மாசிலாமணின்னு இல்ல சொன்னாரு, பாய் யாவாரின்னாரு!' அவ்வளவுதான், மடை உடைந்தது. ஒவ்வொரு ஊராகக் கிளம்பி வந்தது. எங்கே போனாலும் பஞ்சர், எங்கே போனாலும் வேறு பேர், வேறு தொழில். வீடு நோட்டம் பார்க்கிற திருடன் என்றான் ஒருவன். ஊருக்கொரு பேர் வைத்திருக்கிறவன் ஊருக்கொரு பெண்டாட்டியும் வைத்திருப்பான் என்றான் இன்னொருவன். அதற்குச் சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள்.

ராஜகுளத்து டீக்கடைக்காரரும் அதைப் பார்த்தார். நேராகப் பாண்டியனிடம் போனைக் காட்டினார்.

மறுநாளே பாண்டியன் போனில் பேசினார். குரலில் சம்பந்தி என்ற சொல்லே இல்லை. "ஆவணியில வாணாங்க. கொஞ்சம் தள்ளி வச்சிப் பாப்போம். நாங்களும் நாலு இடத்துல விசாரிக்கணும் இல்ல" என்றார். விசாரிக்கணும் என்ற அந்த வார்த்தை இருசப்பனைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

கல்பனா சாப்பிடவில்லை. தமிழ்வாணன் போனை எடுக்கவில்லை. சிட்டம்மாள் அடுப்படியிலிருந்து புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் அவர் போகிற வழியைக் கேட்காதவள் அன்றைக்குக் கேட்டாள்.

"எல்லா நாளும் விசாரிக்கத்தான் போனியா?"

"இன்னாடி கேக்கற நீ?"

"செய்யாறுல யாரு கீறாங்க?"

"அடிப்பாவி! இந்த வயசுல எனுக்கு ஒருத்தியக் கட்டி வைக்கிறியா?"

"வயசா? அம்பது மைலு மிதிச்சுட்டு வந்து எட்டு தோசை துன்ற. வயசப் பத்தி நீ பேசாத" என்றாள் சிட்டம்மாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தேகம் எப்படி இருக்கும் என்று இருசப்பன் முதல் தடவையாக மறுபக்கத்திலிருந்து பார்த்தார்.

யாராவது ஒருத்தர் வந்து, 'நாங்கள்தான் அனுப்பினோம், இவர் விசாரிக்கப் போனவர்' என்று பாண்டியனிடம் சொன்னால் போதும். அதற்கு ஆளா இல்லை? நெல் வியாபாரி ராஜாராம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது வாலாஜாபாத்துக்கு எத்தனை நடை! முதலில் அங்கேதான் போனார். ராஜாராம் அவரைப் பார்த்ததுமே தெருவுக்கு ஓடி வந்து கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனார்.

"உள்ள மாப்பிள்ளை நாஷ்டா துன்னுக்கினு கீறாரு. வாயத் தொறந்துடாதப்பா!"

"ஒரு வார்த்த, பாண்டியன் கிட்ட ஒரே வார்த்த சொன்னா போதும் அண்ணே."

"இன்னான்னு சொல்றது? நீ குடிகாரனான்னு ஆள் வச்சிப் பாத்தோம்னா? எம்பொண்ணு வாழ வாணாமா? உனுக்கு வேற டயர் வோணும்னா சொல்லு, போட்டுத் தர்றேன்" என்றார் ராஜாராம்.

எல்லா வீட்டிலும் இதே கதைதான். அவர் விசாரித்துக் கொடுத்த கல்யாணங்களில் பிறந்த குழந்தைகள் வாசலில் ஓடிக்கொண்டிருந்தன. பெரியவர்கள் கதவைச் சாத்தினார்கள். தானியேல் தானாக ராஜகுளம் போய்ச் சத்தியம் செய்துவிட்டு வந்தான். கூட்டாளி சாட்சியை யார் நம்புவார்கள்? திருடனுக்குத் திருடன் சாட்சி என்று அவன் காதுபடவே சொன்னார்களாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண்டியனே தன் அண்ணனோடு வந்து இறங்கினார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தட்டில் வைத்த காப்பியைத் தொடவில்லை.

"உங்க பேரு இன்னா?" என்றார்.

"இருசப்பன்."

"அது எத்தினியாவது பேரு?"

இருசப்பன் விசாரிக்கிற தொழிலைச் சொன்னார். பாண்டியனின் அண்ணன் சிரித்தார். "நல்லா கீது கதை. யாரு அனுப்புனாங்க, ஒருத்தர் பேரச் சொல்லு" என்றார். பேரைச் சொன்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போகும். சொல்லாவிட்டால் கல்பனா வாழ்க்கை போகும். கதவுக்குப் பின்னால் கல்பனாவின் வளையல் சத்தம் கேட்டது. இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். யார் பேரும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அப்போதுதான் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. நாற்பதைத் தாண்டிய ஒரு ஆள், முன்மண்டையில் முடி கொட்டியவர், விறுவிறுவென்று உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் சுவரோரம் நின்ற சைக்கிளைப் பார்த்தார். பிறகு இருசப்பனைப் பார்த்தார்.

"நீதானய்யா! வீடியோவுல பாத்ததுமே தெரிஞ்சிது. பத்து வருசமா உன் மூஞ்சியத் தேடிக்கினு கீறேன்!"

"யாருப்பா நீ?" என்றார் இருசப்பன்.

"ஐயங்கார்குளம் வேதகிரி. ஞாபகம் வரலியா? காத்து எறங்குன சைக்கிளத் தள்ளிக்கினு வந்து எங்க ஊர் டீக்கடையில குந்தி என்னைப் பத்தி விசாரிச்சியே! குடிப்பானா, அடிப்பானான்னு கேட்டியே! அப்புறம் போயி, இந்தப் பையன் வாணாம்னு பொண்ணு வூட்டுல சொன்னியே! தரகரு எங்கிட்ட எல்லாத்தியும் சொல்லிட்டாரு. பேசி முடிச்ச கல்யாணம்யா அது, பத்திரிகை அடிக்கறதுதான் பாக்கி!"

பாண்டியனும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேதகிரி அவர்கள் யார் என்றுகூடக் கேட்காமல் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"எதுக்கு வாணாம்னான் தெரியுமா? என்னைப் பாத்ததும் எங்க வூட்டு நாய் கட்டிலுக்கு அடியில பூந்துச்சாம். நாயே பயப்படற ஆளு, குடிச்சிட்டு அடிக்கிறவனாத்தான் இருப்பான்னு முடிவு பண்ணிட்டான் இந்தப் பெரிய மனுசன்!" வேதகிரிக்குக் குரல் உடைந்தது. "யோவ், அதுக்குக் காதுல புண்ணுய்யா. நான்தான் தெனமும் மருந்து ஊத்துவேன். எரியும் இல்ல? அதான் என்னைக் கண்டா ஓடி ஒளியும். ராத்திரியானா என் காலண்டதான் வந்து படுத்துக்கும். அத்தக் கேட்டியா நீ? ஒரு வார்த்த கேட்டியா?"

வேதகிரி முற்றத்தில் காறித் துப்பினார்.

"விசாரிச்சிட்டு வாணாம்னுட்டாங்கன்னு ஊர் பூரா பரவிப்போச்சி. அதுக்கப்புறம் ஒரு பொண்ணு வூட்டுக்காரனும் எங்க வாசல்ல வந்து நிக்கல. நல்லா இரு! உன் பொண்ணுக்குக் கல்யாணமாமே. நல்லா பண்ணு!" என்று சொல்லிவிட்டு வந்த வேகத்தில் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாண்டியனின் அண்ணன் உட்கார்ந்தார். ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார். "பொய்ச் சாட்சி சொல்ல வந்தவன் இப்பிடி சாபம் வுட்டுட்டுப் போவ மாட்டான்டா பாண்டியா. இவரு விசாரிக்கிற ஆளுதான்" என்றார். பாண்டியனின் முகமும் தெளிந்தது. "அப்ப எங்க வூட்டையும் பாத்துட்டுத்தான் பொண்ணு குடுக்கறீங்க! சரியான ஆளுதான் சம்பந்தி நீங்க!" என்று இருசப்பன் தோளில் தட்டினார். ஆவணி முகூர்த்தம் ஆவணியிலேயே நடக்கும் என்று ஆயிற்று. சிட்டம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரி கிளறப் போனாள்.

இருசப்பன் அந்தக் கேசரியைத் தொடவில்லை. அவர்கள் போனபிறகு கல்பனா வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஒரு நாயப் பாத்தா முடிவு பண்ணுன நைனா?"

அவர் குனிந்து சைக்கிள் சீட்டைத் துடைத்தார்.

"எனக்குப் பாத்தவரையும் நாயப் பாத்துதான் சரின்னியா?"

"அவங்க வூட்டுல நாய் இல்லம்மா" என்றார். அதைச் சொன்னபோது தனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்தார். ஐயங்கார்குளம் எல்லை வந்ததும் பழக்கத்தில் கை பிரேக்கைப் பிடித்தது. விட்டார். இரண்டு சக்கரத்திலும் காற்று கல்லாக இருக்க, முதல் தடவையாக மிதித்தபடியே ஒரு ஊருக்குள் நுழைந்தார். டீக்கடை முன்னால் இறங்கி எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "நான் உத்திரமேரூர் இருசப்பன். வேதகிரியப் பத்தித் தப்பா சொன்னவன் நான்தான். அந்தப் புள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல."

பெஞ்சில் இருந்தவர்கள் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"யாரு அனுப்புனாங்க உன்னை? வேதகிரியா?" என்றார் ஒருவர்.

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

"பத்து வருசம் கழிச்சி நீயா வந்தியா? நம்பற மாதிரி சொல்லு பெரியவரே" என்று கடைக்காரர் சிரித்தார். "எவனோ பொண்ணு குடுக்க வர்றான் போல, அதான் ஆள் புடிச்சி நல்லவன்னு சொல்ல வைக்கிறான்" என்று இன்னொருவர் முணுமுணுத்தார். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வேதகிரியின் வீடு ஞாபகம் இருந்தது. வேதகிரி வேலைக்குப் போயிருந்தார். வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா தாயாரம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் படுத்திருந்த ஒரு நாயும் எழுந்தது. இருசப்பன் பிடிவாதமாக நாயைப் பார்க்கவில்லை. தாயாரம்மாளின் கண் அவர் முகத்துக்குப் போயிற்று, பழைய சைக்கிளுக்குப் போயிற்று, மறுபடி முகத்துக்கு வந்தது. சட்டென்று முறத்தை ஒதுக்கிவிட்டு எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"வாப்பா, வா. எந்த ஊரு? பொண்ணு வூட்டுலேர்ந்து விசாரிக்க வந்தியா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே ஓடிச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். "யாராச்சும் வருவாங்கன்னு தெரியும்ப்பா. நல்லா விசாரி. டீக்கடையில மட்டும் கேட்டுட்டுப் போயிடாத, நாலு வூட்டுல கேளு. எம்புள்ளை பீடி கூடத் தொட மாட்டான். வயசு ஆயிடுச்சின்னு மட்டும் சொல்லிடாத சாமி."

இருசப்பன் தண்ணீரை வாங்கினார். நான்தான் அந்தப் பாவி என்று இந்தக் கிழவியிடம் சொல்ல எந்த நாக்கு எழும்?

"விசாரிச்சிட்டேம்மா. ஊரே நல்ல புள்ளன்னு சொல்லுது" என்றார்.

"அப்பிடியா சொன்னாங்க?" தாயாரம்மாள் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு எந்த ஊருப்பா?"

இருசப்பன் ரோட்டைப் பார்த்தார். அந்த ரோடு போகிற ஊரெல்லாம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு ஊரிலும் மாப்பிள்ளைகளைத்தான் பார்த்திருக்கிறார். பெண்ணைத் தேடி ஒரு நாளும் போனதில்லை.

"வந்து சொல்றேம்மா" என்று சொம்பைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். எந்தப் பக்கம் திரும்புவது என்றுகூட யோசிக்காமல் மிதிக்க ஆரம்பித்தார்.